இரண்டே காலுக்கும் மூன்றுக்கும் நடுவே

ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்த கையோடு 2003இல் அந்த நர்சிங் ஹோமில் சேர்ந்தேன். வெண்ணாற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். கீழே 10 கட்டில், மாடியில் 8 கட்டில், ஒரு பிரசவ அறை, சின்னதாக ஒரு ஆபரேஷன் தியேட்டர், வாசலில் மருந்துக் கடை. டாக்டர்தான் உரிமையாளர். மருந்துக் கடையையும் கணக்கு வழக்கையும் அவருடைய மனைவி பார்த்துக்கொண்டார். நாங்கள் அவரை மேடம் என்போம். டெல்டாவில் தாலுகாவுக்குத் தாலுகா இப்படி நாலைந்து நர்சிங் ஹோம்கள் உண்டு. நடவு நேரத்தில் பாம்புக்கடி, அடைமழையில் காய்ச்சல், வருஷம் முழுக்கப் பிரசவம். அரசு ஆஸ்பத்திரிக்குப் போக பயப்படுகிறவர்களும், தஞ்சாவூர் வரைக்கும் போக வசதி இல்லாதவர்களும் எங்களிடம்தான் வருவார்கள்.

அந்த டாக்டரைப் பற்றி முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சுற்றுவட்டாரத்தில் பல பேர் கதவைச் சாத்தினார்கள். அவர் சாத்தவில்லை. 60 வயதைத் தாண்டியவர், சர்க்கரை வேறு. பி.பி.இ. கிட் கிடைக்காத நாட்களில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பிரசவம் பார்த்தார். கூலி வேலைக்காரர்களிடம் அவர் ஃபீஸ் கேட்டு நான் பார்த்ததில்லை. அதை நான் மறக்கவில்லை. அடுத்த வருஷம் நடந்ததையும் மறக்க முடியவில்லை.

2020 ஆகஸ்டில் ஜே.டி. ஆபீஸிலிருந்து, அதாவது மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலிருந்து, ஆய்வுக்கு வந்தார்கள். வருகிறார்கள் என்று முந்தின நாள் சாயங்காலமே போன் வந்துவிட்டது. ராத்திரி 9 மணி வரை கழுவினோம், துடைத்தோம். தீயணைப்புக் கருவியில் புதிய தேதிச் சீட்டு ஒட்டினார்கள். அப்புறம் மேடம் பணியாளர் பதிவேட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

அதில் 9 நர்ஸ்களின் பெயர் இருந்தது. முறையாகப் படித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர்கள் உண்மையில் நாங்கள் 3 பேர். மற்ற 6 பேரும் கல்யாணமாகியோ வேறு வேலை கிடைத்தோ போய்விட்டவர்கள். அவர்களுடைய சான்றிதழ் நகல் மட்டும் ஃபைலில் தங்கிவிட்டது. எங்களோடு ராப்பகலாக ஓடிய, ஒரு வருஷப் பயிற்சி மட்டும் முடித்த 4 சின்னப் பெண்களின் பெயர் அந்தப் பதிவேட்டில் எங்கேயும் இல்லை.

“ரெண்டு மாசக் கையெழுத்து விட்டுப்போயிருக்கும்மா. நீ ரெண்டு பேருக்குப் போட்டுடு” என்றார் மேடம்.

போட்டேன். ஆளுக்கொரு பேனாவாக எடுத்துப் போட்டேன்.

மறுநாள் வந்தவர்கள் மோசமான ஆட்கள் இல்லை. வெயிலில் வந்து, டீகூட வேண்டாம் என்றுவிட்டு இரண்டு மணி நேரம் பார்த்தார்கள். கழிவுக்கு மஞ்சள் பை இரட்டையாகப் போட்டிருக்கிறோமா, படிக்கட்டில் அட்டைப்பெட்டி ஏதும் அடைத்துக் கிடக்கிறதா, கட்டணப் பலகை கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறதா என்றெல்லாம் கேட்டார்கள். அந்த மாதத் தொடக்கத்தில்தான் அகமதாபாத்திலும் விஜயவாடாவிலும் கொரோனா சிகிச்சை நடந்த கட்டடங்களில் தீப்பிடித்து நோயாளிகள் இறந்திருந்தார்கள். அதனால் வயரிங்கைக் கூடுதல் கவனத்தோடு பார்த்தார்கள். ஒருவர் பதிவேட்டைப் புரட்டினார், விரலால் எண்ணினார், படிவத்தில் 9 என்று எழுதினார். நாங்கள் 5 பேர் அவருக்கு எதிரிலேயே சுவரோரமாக நின்றுகொண்டிருந்தோம்.

எங்கள் பக்கத்தில் ஆய்வு என்றாலே எல்லோருக்கும் கும்பகோணம்தான் ஞாபகம் வரும். 2004 ஜூலை 16ஆம் தேதி பள்ளிக்கூடத் தீயில் 94 பிள்ளைகள் போனார்கள். அன்றைக்கு நான் டியூட்டியில் இருந்தேன். ரேடியோவில் எண்ணிக்கை ஏற ஏற, ஆயாம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் கீற்றுக் கூரைகளைப் பிரித்தார்கள், படிக்கட்டின் அகலத்தைக் கேட்டார்கள். அவ்வளவு உயிர் போன பிறகு கட்டடத்தைப் பார்க்க நம் ஊர் கற்றுக்கொண்டது. அது தேவையான படிப்புதான். ஆனால் ராத்திரி 2 மணிக்கு அந்தக் கட்டடத்துக்குள் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்க யாரும் வந்ததில்லை. நான் வேலை பார்த்த 18 வருஷத்தில் ஒரு முறைகூட இல்லை.

தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1997இல். அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் வந்தது 2018இல். 21 வருஷம். கொரோனா வந்தபோது அந்த விதிகளுக்கு வயது இரண்டுகூட நிறையவில்லை. மாவட்டத்தில் அதைச் செயல்படுத்த வேண்டியவர் இணை இயக்குநர். மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரிகளுக்குப் பொறுப்பும் அவரேதான். 2021 மே மாதத்தில் அவருக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் ஆக்சிஜன் தீராமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்திருக்கும். எங்கள் பக்கம் யாரும் எட்டிப்பார்க்காததற்கு அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. இரண்டு வேலையையும் ஒரே ஆள் தலையில் கட்டிய ஏற்பாட்டைத்தான் குறை சொல்வேன்.

அந்த மே மாதம் எங்கள் நர்சிங் ஹோமுக்குக் கொரோனா சிகிச்சைக்கான அனுமதி கிடையாது. ஆனால் நோயாளிகள் வந்தார்கள். மெடிக்கல் காலேஜில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், நீங்களாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வாசலில் உட்கார்ந்து அழுதார்கள். டாக்டர் சேர்த்துக்கொண்டார். அதைத் தப்பென்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியாது. சேர்த்த பிறகு நடந்தவைதான் தப்பு. ஆர்.டி.பி.சி.ஆர். எடுத்தால் விவரம் சுகாதாரத் துறைக்குப் போய்விடும் என்று யாருக்கும் எடுக்கவில்லை. டவுனுக்கு அனுப்பி நெஞ்சு சி.டி. ஸ்கேன் மட்டும் எடுத்தார்கள். நுரையீரல் எவ்வளவு பாதித்திருக்கிறது என்பதற்கு 25க்கு 14, 25க்கு 17 என்று ரிப்போர்ட் வரும். கேஸ் ஷீட்டில் ‘காய்ச்சல், நிமோனியா’ என்று எழுதுவோம்.

2020 ஜூனிலேயே அரசு கட்டண உச்சவரம்பு வைத்திருந்தது. சாதாரண வார்டுக்கு ஆஸ்பத்திரியின் தரத்தைப் பொறுத்து நாளொன்றுக்கு 5,000 அல்லது 7,500 ரூபாய், தீவிர சிகிச்சைக்கு 15,000. எங்கள் பலகையில் அது ஒழுங்காக எழுதி மாட்டியிருந்தது. பில்லிலும் கட்டில் வாடகை சரியாக 5,000தான். அதற்குக் கீழே கிட் சார்ஜ், சுத்திகரிப்பு, அப்புறம் ‘ஸ்பெஷல் நர்சிங்’ 1,500. அந்த ஸ்பெஷல் நர்சிங் நான்தான். அந்த வாரத்தில் 14 நோயாளிகளுக்கும் ஆளுக்கு 1,500 வாங்கினார்கள். எங்களில் ஒரு நர்ஸுக்குக் காய்ச்சல், இன்னொருவர் வீட்டில் மாமனார் சாவு. ராத்திரி டியூட்டிக்கு நானும், 19 வயசுப் பெண் ஒருத்தியும்.

ஆக்சிஜன் கணக்கைச் சொன்னால்தான் அந்த ராத்திரி புரியும். பெரிய சிலிண்டரில் 7,000 லிட்டர். நிமிஷத்துக்கு 10 லிட்டர் போனால் பதினொன்றரை மணி நேரம் வரும். 15 லிட்டர் வைத்தால் எட்டு மணி நேரம்கூடத் தாங்காது. 9 பேர் ஆக்சிஜனில் இருந்தார்கள். பைப்லைன் கிடையாது, கட்டிலுக்குக் கட்டில் சிலிண்டர். ஒன்று முடியும்போது அதன் வால்வை மூடி, ஸ்பேனரால் ரெகுலேட்டரைக் கழற்றி, புதுசில் வாஷர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, மாட்டி, இறுக்கி, மெல்லத் திறக்க வேண்டும். வாஷர் கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் உஸ்ஸென்று சத்தம் போட்டுக் காற்று வீணாகும். பழகின கைக்கு ஐந்து நிமிஷ வேலை. அதற்குள் முகத்தில் மாஸ்க்கோடு இருக்கிறவர் நம் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்போது நான் தனியாக ஒரு 80 பக்க நோட்டு வைத்திருந்தேன். கேஸ் ஷீட்டைக் காலையில் ‘சரி பண்ணி’ எழுதச் சொல்வார்கள் என்பதால், ராத்திரி நான் பார்த்ததை நோட்டில் எழுதிவிடுவேன். கட்டில் எண், மணி, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்ற கணக்கு), எத்தனை லிட்டர். அவ்வளவுதான்.

மே மூன்றாவது வாரம். கீழே 6ஆம் கட்டிலில், ஜன்னலோரம், 58 வயசுக்காரர் ஒருவர். பக்கத்துக் கிராமத்தில் வயல் வேலை. “சிஸ்டரம்மா, மேட்டூர் எப்பத் தொறக்குறாங்களாம்?” என்று சாயங்காலம் கேட்டார். ஜூன் 12ஆம் தேதியாம், சொல்லிக்கொள்கிறார்கள் என்றேன். “அப்படின்னா நாத்து விட்டுடலாம்” என்றார். ராத்திரி 2.15க்கு அவருக்குச் சாச்சுரேஷன் 84. லிட்டரைக் கூட்டி வைத்துக்கொண்டிருக்கும்போதே மாடியிலிருந்து அந்தச் சின்னப் பெண் கத்தினாள். 12ஆம் கட்டில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது, ரெகுலேட்டரைத் திருப்ப அவளால் முடியவில்லை. ஓடினேன். நோட்டில் 6ஆம் கட்டிலுக்கு அடுத்த குறிப்பு 3.00 மணி. அந்த இடத்தில் எண் எதுவும் இல்லை, ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் யாராவது இறந்தால் படிவம் 4 என்று ஒன்றில் இறப்புக்கான காரணத்தை டாக்டர் எழுதித் தர வேண்டும். முதல் வரியில் கடைசியாக என்ன நேர்ந்தது, அதற்குக் கீழே அது எதனால், அதற்கும் கீழே எல்லாவற்றுக்கும் மூலமான நோய். முதல் வரியில் ‘கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்’ என்று எழுதினார் டாக்டர். இதயமும் மூச்சும் நின்றுவிட்டது என்று அர்த்தம். சாகிற எல்லோருக்கும் அது நிற்கத்தான் செய்யும். இரண்டாவது வரியில் நீரிழிவு. மூன்றாவது வரி காலி. அந்த மே மாதம் எங்களிடம் இறந்த 5 பேருக்கும் மூன்றாவது வரி காலிதான்.

அக்டோபரில் நான் வேலையை விட்டேன். வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கும் அரசுத் திட்டத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. என்னோடு படித்தவள் ஒருத்தி கனடாவில் இருக்கிறாள். அங்கே நர்சிங் ஹோம் என்றால் முதியோர் தங்கும் இல்லம். மாண்ட்ரியல் பக்கத்தில் டார்வால் என்ற ஊரில் ஒரு தனியார் இல்லம், மாதம் 3,000 டாலருக்கு மேல் கட்டணம். 2020 வசந்தத்தில் ஊழியர்களில் பெரும்பாலோர் வராமல் போக, கிழவர்கள் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தார்கள், சில வாரங்களில் 31 பேர் இறந்தார்கள் என்று போனில் சொன்னாள். ஒன்டாரியோவில் ராணுவத்தையே அனுப்பினார்களாம். உள்ளே பார்த்ததைச் சிப்பாய்கள் எழுதிக் கொடுத்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்ததாம். “அங்கேயும் ராத்திரி ஆள் இல்லையாடி?” என்று கேட்டேன். “அதேதான்” என்றாள்.

என்னைக் கேட்டால், வாசலில் கட்டணப் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை வேண்டும். இன்று ராத்திரி உள்ளே எத்தனை நோயாளி, எத்தனை நர்ஸ். பில் கட்டுகிற அண்ணனோ தம்பியோ எட்டிப் பார்த்து எண்ணிக்கொள்ளட்டும். ஆய்வுக்கு வருகிறவர்கள் சொல்லாமல் வர வேண்டும், ராத்திரியில் வர வேண்டும், மேடம் இல்லாத இடத்தில் அந்த 19 வயசுப் பெண்ணிடம் பேச வேண்டும். கேஸ் ஷீட் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் வருஷ நெறிமுறை இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அப்படி யாரும் கேட்டு வாங்கி நான் பார்த்ததில்லை. கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. நாங்களும் சொன்னதில்லை.

டிசம்பரில் அந்த 6ஆம் கட்டில்காரரின் மனைவியும் மகளும் என் வீட்டைத் தேடி வந்தார்கள். கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இறப்புச் சான்றிதழில் கொரோனா என்று இல்லாத ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது, மாவட்டக் குழுவிடம் முறையிடலாம் என்றும் அந்த உத்தரவில் இருந்தது. மகள் காலேஜில் படிக்கிறவள், பேப்பரில் வந்த செய்தியைக் கத்தரித்து வைத்திருந்தாள். நர்சிங் ஹோமில் கேஸ் ஷீட் கேட்டதற்கு, தேட வேண்டும், அடுத்த வாரம் வாருங்கள் என்று மூன்று தடவை அலையவிட்டிருக்கிறார்கள். நோட்டை எடுத்துக் கொடுத்தேன். குழுவுக்கு முன்னால் நானும் போய் நின்றேன். சி.டி. ரிப்போர்ட்டையும் நோட்டு நகலையும் பார்த்துவிட்டு ஓர் அதிகாரி, “இதை ஏம்மா அப்பவே சொல்லல?” என்று கேட்டார். வேலை போய்விடும் என்ற பயம் என்றேன். அது உண்மை. கையெழுத்துப் போட்டதையும் அங்கேயே சொன்னேன். சில மாதம் கழித்து அந்தக் குடும்பத்துக்குப் பணம் வந்தது. மற்ற 4 குடும்பங்களில் இரண்டு பேரைத்தான் என்னால் கண்டுபிடித்துச் சொல்ல முடிந்தது.

நோட்டைக் கொடுத்த அன்று அந்தப் பெண்ணின் அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மகள் பக்கம் பக்கமாகப் புரட்டி, அந்த ராத்திரிக்கு வந்ததும் விரலை வைத்து நிறுத்தினாள்.

“சிஸ்டர், ரெண்டே காலுக்கு எழுதியிருக்கீங்க. அடுத்தது மூணு மணிக்குத்தான். நடுவுல அப்பா யாரையாவது கூப்பிட்டாரா?”

மாடியில் இருந்தேன் என்றேன். சிலிண்டர் மாற்றும்போது வாஷர் கைதவறிக் கட்டிலடியில் உருண்டு போய்விட்டது, தேடி எடுத்து மாட்டுவதற்குள் நேரமாகிவிட்டது என்றேன். கூப்பிட்டாரா என்று எனக்குத் தெரியாதும்மா என்றேன்.

அந்தப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், “இங்க ஜெராக்ஸ் கடை எங்க இருக்கு?” என்று கேட்டாள். கடைத்தெரு வரைக்கும் நானும் கூடவே நடந்து போனேன்.