30 சதவீதம்

"ஆக்சிஜனைக் குறைச்சா நம்பர்தான் மேடம் குறையும், நெஞ்சு உள்ள வாங்குறது குறையலையே" என்றார் சிஸ்டர். சண்டையாக இல்லை, பக்கத்துக் குழந்தைக்குப் பால் அளந்துகொண்டே பாதி தனக்குத்தானே சொன்ன மாதிரி. "சார் சொல்லிட்டாங்க சிஸ்டர், ஒரு மணி நேரம் பாப்போம்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

28 வாரத்திலேயே பிறந்துவிட்ட குழந்தை, பிறந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. குழந்தையின் நுரையீரல் பக்குவப்பட அம்மாவுக்குப் போடுகிற டெக்சாமெதசோன் ஒரு டோஸ்தான் போட முடிந்தது. மூக்கு வழியாக விடாமல் அழுத்தத்தோடு காற்றுக் கொடுக்கிற பபிள் சீபாப்பில் அழுத்தம் 6 சென்டிமீட்டர், ஆக்சிஜன் 32 சதவீதம். அழுத்தத்தை 6-ல் வைத்தும் ஆக்சிஜன் 30-ஐத் தாண்டினால் சர்ஃபாக்டன்ட், அதாவது நுரையீரலின் காற்றறைகள் மூடிக்கொள்ளாமல் வைத்திருக்கிற மருந்து, கொடுக்க வேண்டும் என்பதுதான் கணக்கு, அதனால்தான் சீனியர் டாக்டரான சாருக்குப் போன் செய்தேன். சார் முதலில் கேட்டது சாச்சுரேஷன், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று. 96 என்றேன். "அப்புறம் எதுக்கும்மா 32? குறைச்சுப் பாரு." ஆக்சிஜனை 28-க்கு இறக்கினேன், சாச்சுரேஷன் 91-ல் நின்றது. சரி, 30-க்குக் கீழே வந்தாயிற்று, மருந்து வேண்டாம்.

சார் சொன்னது சரிதான், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். சாச்சுரேஷனை 90-க்கும் 95-க்கும் நடுவில் வைக்கச் சொல்வது சும்மா இல்லை. 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் குறைமாதக் குழந்தைகளுக்கு ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்து எத்தனை பேருக்குப் பார்வை போனது என்பது படித்தவர்களுக்குத் தெரியும். சர்ஃபாக்டன்ட் குப்பிக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகிறதே என்பது அன்று என் மனதில் இருந்ததா? இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் அந்த 30 யாருடைய 30? பெரியவர்களிடம் குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னால் நுரையீரல் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். மூச்சுக்குழாயில் ட்யூப் போட்ட குழந்தை என்றால் வென்டிலேட்டராவது ஒவ்வொரு மூச்சிலும் எத்தனை மில்லி போய் வருகிறது என்று காட்டும், கசிவைக் கழித்துக்கொண்டு பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சீபாப்பில் அதுவும் கிடையாது, மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் காற்று போய்க்கொண்டே இருக்கிறது. மிஞ்சுவது ஆக்சிஜனையும் காற்றையும் கலக்கிற பிளெண்டர் டயல். அதைத் திருப்புவது நம் கை. சாச்சுரேஷனை 97-ல் நிம்மதியாக வைத்துக்கொள்கிறவர் கையில் அந்தக் குழந்தைக்கு ஆக்சிஜன் 34 ஓடும், என் கையில் 28. நுரையீரல் ஒன்றுதான்.

அப்போ கண்ணால் பார்த்துச் சொல்லலாமே என்றால், மூச்சுத் திணறல் எவ்வளவு என்று மார்க் போடுகிற சில்வர்மேன் ஸ்கோர் இருக்கிறது, 1956-லிருந்து. ஐந்து அறிகுறிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2. நான் 4 போட்டேன், சிஸ்டர் 6 என்றார். நெஞ்செலும்புக்குக் கீழே குழி விழுவது லேசாகவா நன்றாகவா என்பதில் ஒரு மார்க், முனகலில் ஒரு மார்க். காற்றறைகள் மூடிக்கொள்ளாமல் இருக்க, குழந்தை தொண்டையைப் பாதி அடைத்துக் காற்றைப் பிடித்துவைக்கிற சத்தம்தான் அந்த முனகல். ஸ்டெத்தில் மட்டும் கேட்டால் 1, வெறும் காதுக்கே கேட்டால் 2. சீபாப் கொப்புளிக்கிற சத்தத்திலும் நாலு மானிட்டர் அலாரத்திலும் வெறும் காது என்பது யார் காது? அந்த வார்டிலேயே பல வருஷம் இருந்த காதுக்குக் கேட்டது எனக்குக் கேட்கவில்லை என்றுகூட வைத்துக்கொள்ளலாம். அல்லது சிஸ்டர் கொஞ்சம் கூடுதலாகப் போட்டிருக்கலாம், அதுவும் நடப்பதுதான். இன்னொரு சிக்கல், களைத்துப்போன குழந்தையும் முனகுவதை நிறுத்திவிடும். ஸ்கோர் இறங்கும், பார்க்கிறவர் தேறிவிட்டது என்று எழுதுவார்.

விடிவதற்குள் ஆக்சிஜன் 40 ஆகிவிட்டது. மெல்லிய குழாய் வழியாக சர்ஃபாக்டன்ட் கொடுத்தோம், கொஞ்ச நேரத்திலேயே 25-க்கு இறங்கியது. குழந்தை தேறி வீட்டுக்குப் போனது, கண் பரிசோதனையிலும் குறை இல்லை. முதலிலேயே கொடுத்திருந்தால் என்ன மாறியிருக்கும்? ஒன்றும் மாறியிருக்காது என்று ஒரு நாள் தோன்றும், அந்த இடைப்பட்ட நேரம் முழுக்கக் குழந்தை நெஞ்சைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்ததே என்று இன்னொரு நாள் தோன்றும். 28-லேயே நின்றிருந்தால் தேவையில்லாமல் ஒரு குழந்தையின் வாயில் மூச்சுக்குழாயைப் பார்க்கிற லாரிங்கோஸ்கோப் விடாமல் தப்பித்தோம் என்று நானே இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

சிஸ்டர் அப்புறம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேஸ் ஷீட்டில் என்னுடைய 4 மட்டும்தான் இருக்கிறது. அவருடைய 6 எங்கேயும் இல்லை.

இப்போது நெஞ்சில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்க்கிறோம். நெஞ்சின் ஒவ்வொரு பக்கத்துக்கும் 3 இடம், இடத்துக்கு 0 முதல் 3 மார்க், மொத்தம் 18. டயலை யார் எவ்வளவு திருப்பினார்கள் என்கிற பிரச்சினை இல்லை என்று எனக்கு அதில் பெரிய நம்பிக்கை. ஆனால் ஒரே படத்துக்கு ஜூனியர் ஒரு எண் சொல்கிறார், நான் ஒரு எண் சொல்கிறேன். ஷீட்டில் ஏறுவது என்னுடையதுதான், இப்போது நான் சீனியர்.