எண்ணாயிரம் நரசிம்மரும் எட்டாயிரம் என்ற கணக்கும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் நேமூர் வந்து திரும்பினால் எண்ணாயிரம். அழகிய நரசிம்மப் பெருமாளைச் சேவிக்கக் காலையிலேயே போய்விடுவது நல்லது. கிராமத்துக் கோயில், நாள் முழுக்க நடை திறந்திருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. பூட்டியிருந்தால் பட்டாச்சாரியார் வீட்டைத் தெருவில் விசாரிக்கலாம். துளசியும் விளக்குக்கு எண்ணெயும் கையோடு இருக்கட்டும்.

சேவித்த கையோடு சுவர்ப் பக்கம் வாருங்கள். ராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டில் ஊர் ‘இராஜராஜச் சதுர்வேதிமங்கலம்’, கோயில் ‘இராஜராஜ விண்ணகர்’. இங்கே நடந்த வேதக் கல்லூரிக்கு 45 வேலி நிலம் விட்டிருக்கிறார்கள். ஆசிரியர் 14 பேர். இளநிலையில் 270 மாணவர்: ரிக் 75, யஜுர் 75, மற்ற வேதப் பிரிவுகளுக்கு 80, ரூபாவதாரம் என்ற இலக்கண நூலுக்கு 40. மேல்நிலையில் 70: வியாகரணம் என்ற இலக்கணம் 25, வேத வாக்கியங்களுக்குப் பொருள் காணும் பிரபாகர மீமாம்சை 35, வேதாந்தம் 10. சின்னவர்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல், பெரியவர்களுக்கு ஒரு குறுணி 2 நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். கூட்டினால் மாணவர் நெல் மட்டும் தினம் 24 கலம் 2 குறுணி, பிசிறில்லாமல் வருகிறது!

வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்து எடுப்பாகத் தெரியும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுவது அங்கேதான். எழுத்துத் தெரியட்டும் என்று மாவோ சுண்ணாம்போ தேய்க்காதீர்கள். வெட்டுக்குள் இறுகிக்கொண்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், சுரண்டினால் எழுத்தும் போகும்.

அரசன் வைத்த பெயர் சுவரோடு நின்றுவிட்டது, மக்கள் வாயில் தங்கியது எண்ணாயிரம். எட்டாயிரம் சமணர் இருந்ததால் வந்தது என்பார்கள். ஊரை ஒட்டிய குன்றில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகள் இருக்கின்றன. அஷ்டசகஸ்ரம் என்ற அந்தணப் பிரிவின் பெயர் என்பது இன்னொரு வழக்கு. அந்தச் சொல்லுக்கும் எட்டாயிரம் என்றே பொருள். எப்படியானாலும் தலை எண்ணிச் சொன்ன கணக்காகத் தோன்றவில்லை. தில்லை மூவாயிரவர், பெருந்துறை முன்னூற்றுவர் என்ற அந்தணக் கூட்டங்கள் போல இதுவும் ஒரு கூட்டத்தின் பெயராகவே இருக்க வேண்டும். கவி காளமேகம் பிறந்த ஊரென்றும் சொல்வதுண்டு.

நேரம் இருந்தால் பக்கத்திலேயே எசாலம். ராஜேந்திரனின் குரு சர்வசிவ பண்டிதர் எடுப்பித்த சிவன் கோயில். 1987இல் செப்பேடுகள் கிடைத்தது அங்கேதான்.