ரெண்டு தேதிக்காரன்

மார்ச் 27, 2025
25 நாள் கழித்து வீட்டுக்கு வந்தாச்சு. 32 வாரத்தில் 1,420 கிராமாகப் பிறந்தவன் இப்போது 1,680. ஆஸ்பத்திரியில் மானிட்டர் ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கும். இங்கே அந்தச் சத்தம் இல்லாததுதான் பயம். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தே ராத்திரி போகிறது.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் பிழிந்து பாலாடைச் சங்கில் கொடுக்கிறேன், 25 மில்லி. உதட்டோரம் சாய்த்தால் பூனைக்குட்டி மாதிரி நக்குகிறான். அரை மணி நேரம் ஆகிறது. துண்டில் சிந்தியது எத்தனை மில்லி என்று மனசு கணக்குப் போடுகிறது.

மார்ச் 29
கண் பரிசோதனை. குறைமாசப் பிள்ளைக்கு விழித்திரை ரத்தக்குழாய்கள் முழுசாக வளர்ந்திருக்காது. கோணலாக வளர்ந்தால் பார்வையே போகலாம். அதனால்தான் 30 நாளுக்குள் பார்த்துவிடச் சொல்கிறார்கள். இமையை விரிக்கும் சின்னக் கம்பியைப் பார்த்ததும் நான் வெளியே ஓடிவிட்டேன். அத்தைதான் கூட நின்றார். ரெண்டு வாரம் கழித்து மறுபடி வரணும்.

ஏப்ரல் 8
அழுத நாள். 3-ஆம் தேதி பக்கத்துக் கிளினிக்கில் 1,920. இன்று ஆஸ்பத்திரியில் 1,940. ஒரு நாளைக்கு 20, 30 கிராம் ஏற வேண்டியவன் அஞ்சு நாளில் மொத்தமே 20!
சிஸ்டர் நிதானமாகக் கேட்டார்: "அன்னைக்கு ஸ்வெட்டர், டயப்பரோடவா எடை போட்டீங்க?"
ஆமாம். ஏ.சி. ஓடுதே என்று நான்தான் கழற்றவில்லை. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு 21 கிராமுக்கு மேல். இனி ஒரே தராசு, வெறும் உடம்பு.

ஏப்ரல் 16
புதன்கிழமை, 45 நாள் ஊசி. இத்தனூண்டு பிள்ளைக்கா என்று வீட்டில் ஒரே வாக்குவாதம். ஊசிக்குப் பிறந்த தேதிதான் கணக்காம். போட்டாச்சு.
ராத்திரி என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு அவனை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். கங்காரு முறை. இன்குபேட்டர் போதாமல் 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் டாக்டர் எட்கர் ரே ஆரம்பித்தது. "கோழி அடைகாக்குற மாதிரில்ல இருக்கு" என்கிறார் அத்தை.

ஏப்ரல் 27
டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவ தேதி. வளர்ச்சிக்கு இன்றிலிருந்துதான் வயசு எண்ணணும். எடை 2,470. அத்தை சர்க்கரைப் பொங்கல் வைத்துவிட்டார், "இன்னிக்குத்தானே பொறந்திருக்கான்."

மே 19
மலம் கறுப்பாகப் போக, அத்தை சாமி படத்துக்கு முன்னால் காசு முடிந்துவிட்டார். இரும்புச்சத்துச் சொட்டு மருந்தின் வேலை அது. கடைசி மாசங்களில் வயிற்றுக்குள் சேர வேண்டிய இரும்பு இவனுக்குச் சேரவில்லை, அதற்குத்தான் மருந்து. காசு முடிந்தது முடிந்ததுதான், அவிழ்க்கக் கூடாதாம்.

ஜூன் 15
எதிர்வீட்டு அக்கா: "மூணரை மாசமாச்சு, இன்னும் முகம் பார்த்துச் சிரிக்கலியா? எம் பேரன்லாம்..."
"ஏழு வாரந்தான்க்கா ஆச்சு."
பேந்தப் பேந்த விழித்தார்.

சாயங்காலம் சிரித்துவிட்டான். அவன் அப்பா நெஞ்சு முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து, அவர் முகத்தைப் பார்த்து. ராப்பகலாகப் பாலாடையோடு உட்கார்ந்தவள் நான்!