எட்டு வேஷம், ஒரே குரல்

29 ஜனவரி 2026, வியாழன்

ட்ரீம் தியேட்டர் என்ற அமெரிக்க ப்ரோக் (ப்ரோக்ரெசிவ்) மெட்டல் குழுவின் 'தி அஸ்டோனிஷிங்' ஆல்பம் வெளிவந்து இன்றோடு பத்து வருஷம். அந்தக் குழுவின் ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்திருக்கும் இடத்தில் இந்தப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு ஓரமாக நின்றால் போதும், நல்லா பொழுது போகும். ஒருவர் குப்பை என்பார், இன்னொருவர் கிதார் வாசிக்கும் பெட்ரூச்சி போட்ட மெட்டுகளிலேயே உருப்படியானவை அதில்தான் இருக்கின்றன என்பார், மூன்றாமவர் "நான் முதல் சிடியையே தாண்டலை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அந்த மூன்றாமவர்தான் எண்ணிக்கையில் அதிகமோ என்று எனக்கு ரொம்ப நாளாகவே சந்தேகம்.

தெரியாதவர்களுக்காக: இரண்டு சிடி, 34 ட்ராக், இரண்டு மணி நேரத்துக்கும் மேல். காலம் 2285. அமெரிக்காவில் ஒரு பேரரசு, மனிதர்கள் பாடுவதையும் வாசிப்பதையும் மறந்தே போய்விட்டார்கள், நோமாக் என்ற பறக்கும் இயந்திரங்கள் போடும் இரைச்சல்தான் அங்கே இசை. ரேவன்ஸ்கில் என்ற ஊரில் கேப்ரியேல் என்ற பையனுக்கு மட்டும் பாட்டு வருகிறது. பேரரசன் நஃபாரியஸ் அவனை நசுக்க வருகிறான், கூடவே வந்த மகள் ஃபெயித் அவன்மேல் காதல் கொள்கிறாள். அப்புறம் நடப்பதை நீங்களே ஊகித்துவிடலாம், அதுதான் பலருடைய புகாரும்.

கதை முழுக்க கிதார் கலைஞர் ஜான் பெட்ரூச்சியுடையது. இசையை அவரும் கீபோர்ட் வாசிக்கும் ஜோர்டன் ரூடஸும் சேர்ந்து எழுதினார்கள், ஆர்கெஸ்ட்ராவுக்கும் கோரஸுக்கும் டேவிட் கேம்ப்பெல். இந்தத் தடவை முழுசாகக் கேட்டு, கேட்கக் கேட்க இங்கே எழுதிப் போடுவதாக உத்தேசம்.

31 ஜனவரி, சனி

கல்லூரி அறைத்தோழனுக்கு போன் போட்டேன். எனக்கு இந்தக் குழுவை அறிமுகம் செய்ததே அவன்தான், 1992-இன் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' கேசட்டைத் தேய்த்தே தீர்த்தவன். அஸ்டோனிஷிங் என்றதும் பெருமூச்சு.

அவனுடைய கோபத்துக்குக் காரணம் இசை இல்லை, அது வரும் முன்னாலேயே கோபம் வந்துவிட்டது. ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே கதை மாந்தர்களின் பெயரும் படமும் வந்தன, அந்த ராஜ்யத்தின் வரைபடம் வந்தது, ரசிகர்களைப் பேரரசின் பக்கமா புரட்சிப் படையின் பக்கமா என்று அணி பிரித்து விளையாட வேறு வைத்தார்கள். நான் அதையெல்லாம் ரசித்தேன், அவன் எரிச்சலாகிவிட்டான். "யாரு நல்லவன், யாரு கெட்டவன், எந்த ஊரு எங்க இருக்கு, எல்லாத்தையும் அவனே சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்குடா?" என்றான்.

மற்றபடி வழக்கமான பட்டியல்தான். மெதுவான பாட்டுகள் அதிகம். மைக் மஞ்சீனி மாதிரி ஒரு டிரம்மரைக் கையில் வைத்துக்கொண்டு பாதி நேரம் பியானோவுக்குப் பின்னால் சும்மா உட்கார வைத்துவிட்டார்கள். 'எ சேஞ்ச் ஆஃப் சீசன்ஸ்' 23 நிமிஷம், 'ஆக்டவேரியம்' 24 நிமிஷம் என்று போட்ட ஆட்கள், 34 ட்ராக்கில் ஒன்றைக்கூட எட்டு நிமிஷத்தைத் தொட விடவில்லை. இது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் "நான் எதுக்குடா" என்று கேட்டானே, அதுதான் போனை வைத்த பிறகும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

1 பிப்ரவரி, ஞாயிறு

முதல் அங்கம் முழுவதும், இடைவிடாமல், ஹெட்போனில்.

தொடக்கமே நோமாக்குகளின் கரகர ஒலி. ஆல்பம் முழுக்க இப்படி ஐந்து துண்டுகள் இருக்கின்றன, பெரும்பாலோர் அவற்றைத் தாண்டிவிட்டுத்தான் கேட்கிறார்கள். கதைப்படி அது சகிக்க முடியாததாகத்தான் இருக்க வேண்டும் என்பது சரி, அதற்காகச் சகிக்க முடியாததை ஐந்து முறை போட வேண்டுமா? ஒருமுறை போட்டாலே புரிந்திருக்கும்.

'தி கிஃப்ட் ஆஃப் மியூசிக்' முதலில் வெளியிட்ட பாட்டு, இன்னமும் துள்ளுகிறது. 'லார்ட் நஃபாரியஸ்' கொஞ்சம் சர்க்கஸ், கொஞ்சம் நாடகம், இதைக் கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு, முகம் சுளித்தவர்களும் உண்டு, எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'எ லைஃப் லெஃப்ட் பிஹைண்ட்' ஆரம்பத்தில் வரும் அகூஸ்டிக் கிதாரும், 'எ நியூ பிகினிங்' முடிவில் பெட்ரூச்சி விட்டுவிட்டுப் போக மனசில்லாமல் இழுத்துக்கொண்டே போகும் அந்த சோலோவும் போதும், திட்டுபவர்கள்கூட இந்த இரண்டையும் திட்டிக் கேட்டதில்லை.

இப்போது குழுவின் பாடகர் லாப்ரீ. எட்டுப் பாத்திரங்கள், எட்டையும் ஜேம்ஸ் லாப்ரீ ஒருவரே பாடுகிறார். கேப்ரியேல், அவன் அண்ணன் அர்ஹிஸ், அர்ஹிஸின் சின்னப் பையன் ஸாண்டர், நஃபாரியஸ், அவன் மனைவி அரபெல், மகன் டேரியஸ், மகள் ஃபெயித், செத்துப்போன எவாஞ்சலின், எல்லாம் அவர் குரல்தான். கையில் பாட்டுப் புத்தகம் இல்லாவிட்டால் யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை என்பது 2016-இல் எல்லோரும் சொன்னது. எதிர்த்தரப்பு இதையே புகழ்கிறது, அவர் குரலை இவ்வளவு நிதானமாக, இவ்வளவு விதமாகப் பயன்படுத்திய ஆல்பம் வேறில்லை என்று.

கதாகாலட்சேபத்தில் பாகவதர் ஒருவரே ராமனாகவும் ராவணனாகவும் சீதையாகவும் ஆகிறார், அதில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. ஏனென்றால் அவர் நடுவில் நிறுத்தி, "அப்போ ராவணன் என்ன சொன்னான்?" என்று நம்மைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேஷத்துக்குப் போவார், போதாக்குறைக்கு அந்தக் கதை நமக்கு முன்பே தெரியும். லாப்ரீக்கு அந்த இரண்டு வசதியும் இல்லை. நம்மைப் பார்த்துப் பேசும் ஆள் இந்த ஆல்பத்தில் எங்குமே கிடையாது.

3 பிப்ரவரி, செவ்வாய்

வேலை. ரயிலில் 'த்ரீ டேஸ்' மட்டும் திரும்பத் திரும்ப. நஃபாரியஸ் மூன்று நாள் கெடு வைக்கும் பாட்டு, நம் மேனேஜர்களுக்கு ரிங்டோனாக வைக்கலாம்.

7 பிப்ரவரி, சனி

அக்கா மகன் வந்திருந்தான். பொறியியல் இரண்டாம் ஆண்டு, கிதார் வாசிப்பான், ட்ரீம் தியேட்டரை அவன் பிடித்தது போன வருஷம் இதே தேதியில் வெளிவந்த 'பாராசோம்னியா' வழியாக, அதாவது பழைய டிரம்மர் மைக் போர்ட்னாய் திரும்பி வந்தபின் செய்த முதல் ஆல்பம். அதில் கதை என்று ஒன்றுமில்லை, தூக்கம், கெட்ட கனவு என்று ஒரு கரு மட்டும்தான், அதைச் சுற்றிப் பாட்டுகள். அங்கிருந்து பின்னோக்கிப் போய் இப்போது 1999-இன் 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி'யில் நிற்கிறான்.

செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டான். "மாமா, கடைசியில அந்த டாக்டர்தானே எட்வர்ட்?"

கதை இதுதான். நிக்கோலஸ் என்பவன் ஹிப்னாடிச சிகிச்சையில் முற்பிறவிக்குப் போகிறான். அங்கே 1928-இல் விக்டோரியா என்ற பெண் கொலையாகிறாள், அவளே இப்போது நிக்கோலஸாகப் பிறந்திருக்கிறாள். ஜூலியன், எட்வர்ட் என்று அண்ணன் தம்பி இருவர், இருவரோடும் அவளுக்கு உறவு. 'பியாண்ட் திஸ் லைஃப்' பாட்டில் அன்றைய செய்தித்தாள் செய்தியே பாடலாக வருகிறது, ஜூலியன் அவளைச் சுட்டுத் தானும் செத்தான், பார்த்த சாட்சி ஒருவர் இருக்கிறார் என்று. கடைசிப் பாட்டில்தான் அந்தச் சாட்சியே கொலைகாரன், அவன்தான் எட்வர்ட் என்று தெரிகிறது. அதோடும் முடியவில்லை. நிக்கோலஸ் வீட்டுக்கு வருகிறான், டிவி, ரெக்கார்டு என்று நிம்மதியாக உட்கார்கிறான், சிகிச்சையாளரின் குரல், ஒரு திடுக்கிடல், அப்புறம் வெறும் ரெக்கார்டு இரைச்சல். 2002-இல் வந்த அடுத்த ஆல்பம் அதே இரைச்சலில்தான் தொடங்கும்.

என்ன நடந்தது என்று பாட்டில் யாரும் சொல்வதில்லை. டாக்டர்தான் மறுபிறவி எடுத்த எட்வர்ட் என்று பிற்பாடு குழுவினரே உறுதி செய்துவிட்டார்கள்தான், ஆனால் இந்தப் பையனுக்கு அது தெரியாது, அவனாகவே சாட்சி யார் என்று சந்தேகப்பட்டு, திரும்பப் போய், அந்தச் செய்தித்தாள் பாட்டை வரி வரியாகக் கேட்டுப் பிடித்திருக்கிறான். 26 வருஷமான ஆல்பத்தில் துப்பறிந்த பெருமை அவன் முகத்தில் வழிகிறது. "ஆமாடா" என்று மட்டும் சொன்னேன், மேலே ஒன்றும் சொல்லவில்லை.

அறைத்தோழன் கேட்டதற்குப் பதில் இதுதான் என்று அப்போது தோன்றியது. சீன்ஸில் கேட்பவனுக்கு ஒரு வேலை இருக்கிறது. பார்க்கப் போனால் அந்த ஆல்பம் பிறந்ததே கேட்பவர்களால்தான். 'மெட்ரோபோலிஸ் பார்ட் 1' என்று 1992-இல் ஒரு பாட்டுக்குப் பெயர் வைத்தபோது அந்த "பார்ட் 1" பெட்ரூச்சி செய்த வேடிக்கை, இரண்டாம் பாகம் எழுதும் எண்ணமே இல்லை. ரசிகர்கள் விடவில்லை, பார்ட் 2 எங்கே, பார்ட் 2 எங்கே என்று கேட்டுக் கேட்டே ஏழு வருஷத்தில் வாங்கிவிட்டார்கள். 1988-இல் குவீன்ஸ்ரைக் என்ற இன்னொரு மெட்டல் குழு போட்ட 'ஆபரேஷன்: மைண்ட்கிரைம்' கதை ஆல்பத்தின் விஷயமும் இதேதான். அதில் வரும் சிஸ்டர் மேரியைக் கொன்றது யார் என்ற கேள்வியிலேயே அந்த ரசிகர்களின் பாதி வாலிபம் போனது. 2006-இல் இரண்டாம் பாகம் வந்தது, வில்லன் டாக்டர் எக்ஸ் வேஷத்துக்குப் பெரிய மெட்டல் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோவே வந்து பாடினார், இருந்தும் முதல் பாகத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

அஸ்டோனிஷிங்கில் அந்த வேலை இல்லை. எல்லாம் எழுதி, வரைந்து, பெயர் ஒட்டி வைத்திருக்கிறது. கேட்பவனுக்கு மிச்சம் இருப்பது தீர்ப்பு சொல்வது ஒன்றுதான், அதைத்தான் எல்லோரும் செய்தார்கள்.

8 பிப்ரவரி, ஞாயிறு

இரண்டாம் அங்கம், இந்த முறை ஹாலில் ஸ்பீக்கரில். 'மொமென்ட் ஆஃப் பிட்ரேயல்' வந்தபோது அக்கா மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான், இதுதான் இந்தப் பாதியில் நிஜமாகவே மெட்டல் என்று சொல்லக்கூடியது. அதற்குப் பின் கதை வேகமாக ஓடுகிறது. மகனுக்கு நல்ல வாழ்க்கை தருகிறேன் என்று டேரியஸ் காட்டிய ஆசையில் தடுமாறிய அர்ஹிஸ், கடைசி நேரத்தில் தம்பியைக் காட்டிக்கொடுக்க மறுத்துச் சாகிறான். இருட்டில் கேப்ரியேல் என்று நினைத்து டேரியஸ் தன் தங்கையையே குத்திவிடுகிறான்.

அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து, "இப்ப யாரு செத்தது?" என்றாள். சொன்னேன். "அடப்பாவமே" என்று கரண்டியோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். மெட்டல் என்றால் கதவைச் சாத்துகிற ஆள், 'ஹிம்ன் ஆஃப் எ தௌசண்ட் வாய்சஸ்' முடியும்வரை எழுந்திருக்கவில்லை. ஊரே சேர்ந்து பாடுகிறது, ஃபெயித் உயிர் பிழைக்கிறாள், பேரரசன் மனம் மாறி நோமாக்குகளை நிறுத்தச் சொல்கிறான். "நல்லாத்தானே இருக்கு, உங்க ஆளுங்க ஏன் இதுக்குப் போய் இந்தக் குதி குதிக்கிறாங்க?" என்று கேட்டாள். அவளுக்கு இந்தக் குழுவின் பழைய பாட்டு ஒன்றுகூடத் தெரியாது, அவர்களிடம் எதையும் எதிர்பார்த்தும் வரவில்லை. இதை மியூசிக்கல் நாடகமாகக் கேட்பவர்களுக்கு இது ஓடிவிடுகிறது, ப்ரோக் மெட்டலாகக் கேட்பவர்களுக்குத்தான் தொண்டையில் நிற்கிறது.

எனக்கும் அந்த ஹிம்ன் பிடிக்கும், ஆனால் முடிவு சுலபமாக வந்துவிட்டது என்பதில் மாற்றமில்லை. இரண்டு மணி நேரம் கொடுங்கோலனாக இருந்தவன் ஒரு பாட்டில் திருந்துகிறான். மனைவியோ, "நம்ம படத்துல எல்லாம் அப்படித்தானே" என்று எழுந்து போய்விட்டாள்.

11 பிப்ரவரி, புதன்

நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருப்பது மேடையைப் பற்றி. 2016 பிப்ரவரியில் லண்டன் பலேடியத்தில் இந்த ஆல்பத்தை முழுசாக வாசித்துச் சுற்றுப்பயணத்தைத் தொடங்கினார்கள். நாற்காலி போட்ட அரங்குகள், பின்னால் திரையில் கதைக் காட்சிகள், நடுவில் இடைவேளை, பழைய பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. காசு கொடுத்துப் போனவர்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, முடிந்ததும் கைதட்டிவிட்டு வந்தார்கள். சிலருக்கு அது வாழ்நாள் அனுபவம், குழுவின் பிரபலமான பழைய பாட்டு 'புல் மீ அண்டர்' இல்லாமல் வீடு திரும்பிய சிலருக்கு இன்றுவரை ஆறவில்லை.

இந்தக் கதையின் சாரமே ஜனங்கள் வாய் திறந்து பாடினால் அதிகாரம் தோற்கும் என்பது. அதைச் சொல்ல ஜனங்களை நாற்காலியில் உட்கார வைத்துப் பார்க்க வைத்தார்கள். அந்த ஆயிரம் குரல் மேடைக்கு எதிரே டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தது, யாரும் அதைக் கூப்பிடவில்லை. சீன்ஸின் இருபதாம் ஆண்டுக்காக அதை முழுசாக வாசித்து 2020-இல் லண்டன் ஹாமர்ஸ்மித்தில் பதிவு செய்த கச்சேரியைக் கேளுங்கள், 'தி ஸ்பிரிட் கேரிஸ் ஆன்' வரும்போது கூட்டம் தானாகவே பாடுகிறது. இத்தனைக்கும் அது மரணத்தைப் பற்றிய பாட்டு, கதைக்குள் கூட்டமே கிடையாது.

குழுவுக்கும் இது புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். 2017-இலேயே 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' ஆல்பத்தின் 25-ஆம் ஆண்டு என்று பழையதை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். 2019-இன் 'டிஸ்டன்ஸ் ஓவர் டைம்' ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது, கதையும் இல்லை, ஆர்கெஸ்ட்ராவும் இல்லை.

14 பிப்ரவரி, சனி

அக்கா மகன் ஒரு வெட்டிய வடிவம் தயார் செய்து அனுப்பியிருக்கிறான். நோமாக் ஐந்தும் அவுட், மெதுவான பாட்டுகளில் பாதி அவுட், மொத்தம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. அறைத்தோழனுக்கு அனுப்பினேன். சாயங்காலம் பதில் வந்தது: "இது நல்லா இருக்கே, இதை ஏன் அப்பவே விடலை?" அடுத்த நிமிஷமே இன்னொன்று: "அந்த சர்க்கஸ் பாட்டை மட்டும் தூக்கிடு."

லார்ட் நஃபாரியஸைத் தூக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பையன் அவன் பக்கம் சாய்கிறான் போலிருக்கிறது, மனைவியின் ஓட்டு என் பக்கம். நாளைக்குப் போனில் மறுபடி சண்டை இருக்கிறது.