30.2 யூனிட்டில் எவ்வளவு தூரம்?

மே 4, 2024

2020 ஜனவரியில் வந்த டாடா நெக்ஸான் ஈ.வி.க்கு பேட்டரி 30.2 யூனிட், சான்றிதழ் ரேஞ்ச் (ஒரு முழுச் சார்ஜில் ஓடும் தூரம்) 312 கி.மீ. அதாவது யூனிட்டுக்குப் பத்து கி.மீ.க்கு மேல். அந்தச் சான்றிதழுக்கான சோதனையில் வேகம் மணிக்கு 90 கி.மீ.யைத் தாண்டாது, ஏ.சி. ஓடாது. கோயம்புத்தூர் வெயிலில் ஓட்டுகிறவர் யூனிட்டுக்கு 7 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 210 கி.மீ. அடியில் 15 சதவீதம் கையிருப்பு விட்டால் 180-க்குள். வாங்கும்முன் மனதில் வைக்க வேண்டியது இந்த எண்.

மே 6

திரையில் காட்டும் மீதி தூரம், சற்றுமுன் ஓட்டிய விதத்தை வைத்துப் போடும் கணக்கு. மேடு வந்தால் மளமளவென்று சரியும். சதவீதத்தைப் பாருங்கள். 90 சதவீதத்தில் ட்ரிப் மீட்டரைச் சுழியாக்கி, 40 சதவீதத்தில் தூரத்தைக் குறித்து இரண்டால் பெருக்குங்கள்; முழுப் பேட்டரிக்கான தூரம் வந்துவிடும்.

மே 11

ஏ.சி. மணிக்கணக்கில் தின்னும், கிலோமீட்டர் கணக்கில் அல்ல. குளிர்ந்தபின் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 யூனிட். அவிநாசி சாலை நெரிசலில் அந்த ஒரு மணியில் 20 கி.மீ.தான் நகர்ந்தால், மூன்று யூனிட் ஓட்டத்தோடு நான்காவதாக ஏ.சி. சேர்கிறது. 80 கி.மீ. வேகத்தில் போனால் அதே 1 யூனிட் 80 கி.மீ.க்குப் பரவிவிடும். வெயிலில் நின்ற வண்டி முதல் பத்து நிமிடம் இரண்டு, மூன்று மடங்கு இழுக்கும். ப்ளக்கில் இருக்கும்போதே குளிர வைத்துக் கிளம்புங்கள்.

மே 18

நெடுஞ்சாலை. 80-இலிருந்து 100 போனால் காற்றின் எதிர்ப்பு 56 சதவீதம் கூடும். மொத்தச் செலவில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அதிகம்.

மே 25

மேட்டுப்பாளையம்–ஊட்டி. தூரம் 50 கி.மீ. சொச்சம், ஏற்றம் சுமார் 1,900 மீட்டர். ஆட்களோடு 1,600 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்கவே 8.3 யூனிட் வேண்டும். மோட்டார் இழப்பு, டயர் உராய்வு எல்லாம் சேர்த்தால் 12 யூனிட், பேட்டரியில் 40 சதவீதம். சமதளத்தில் இதே தூரத்துக்கு 7 போதும். அடிவாரத்தில் 70 சதவீதமாவது இருக்கட்டும்.

இறக்கம்தான் பலர் தவறும் இடம். மேலே இரவெல்லாம் சார்ஜ் போட்டு 100-இல் கிளம்பக் கூடாது. நிறைந்த பேட்டரியில் ரீஜென் மின்சாரத்துக்கு (வேகம் குறைக்கையில் மோட்டார் திருப்பித் தரும் மின்சாரம்) இடமில்லை. வண்டியை மோட்டார் பிடிக்காது, முழுப் பளுவும் பிரேக் பேடில் விழும். கொண்டை ஊசி வளைவுகளில் பேட் சூடேறினால் பிடிமானம் குறையும். தயவுசெய்து 85-இல் நிறுத்திவிடுங்கள். அடிவாரம் சேரும்போது சதவீதம் ஏறித்தான் இருக்கும்.

மே 27

வீடு திரும்பியதும் 15 ஆம்பியர் ப்ளக்கில் மெதுவாக 100 வரை ஏற்றுங்கள். இது எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி. இடைப்பட்ட நிலையில் வோல்டேஜ் ஏறக்குறைய மாறாது என்பதால், பாதிப் பாதியாகவே ஏற்றி வந்தால் சதவீதக் கணக்கு பிசகும். 20 என்று காட்டியது திடீரென்று 10 ஆகும். வாரம் ஒருமுறை முழுச் சார்ஜ். மறுநாள் காலை, டயர் சூடேறுமுன் காற்று பார்த்துவிடுங்கள்.