250 ரூபாயும் ஒரு மாட்டு யானையும்

கும்பகோணம் ரயில் நிலையத்திலிருந்து தாராசுரம் ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது. ஆட்டோக்காரர் கேட்டது 250 ரூபாய். ஏன் இவ்வளவு என்றதற்கு, "வெயிலைப் பாருங்க மேடம்" என்றார். பார்த்தேன், கொடுத்தேன். திரும்பும்போது அதே தூரம் டவுன் பஸ்ஸில் வந்தேன். பெண்களுக்கு இலவசம். இரண்டு நாள் சாப்பாட்டுக் காசை வெயிலுக்குக் கொடுத்துவிட்டோமே என்று இன்னும் எரிகிறது.

சரி, எதற்குப் போனேன் என்று சொல்லவில்லையே. இரண்டு வருடமாக ஒரு மாயாஜால நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். விதை எது என்று எனக்குத் தெரியும். அப்பாயி வீட்டில், கல்கி இதழிலிருந்து பிரித்தெடுத்து பைண்டு செய்த 'பொன்னியின் செல்வன்' இருந்தது. 1950 முதல் 1954 வரை வந்த தொடர், மணியம் படங்களோடு. பத்து வயதில் அரசியல் சூழ்ச்சி எதுவும் புரியவில்லை. கோடிக்கரைச் சதுப்பில் குப்பென்று எரிந்து அணையும் கொள்ளிவாய்ப் பிசாசு மட்டும் நன்றாகப் புரிந்தது. ராத்திரி கொல்லைப்பக்கம் போகத் துணைக்கு ஆள் தேடினேன். அது சேற்றிலிருந்து வரும் வாயு என்று பிறகு யாரோ விளக்கியபோது, அவர் மேல்தான் கோபம் வந்தது.

என் நாவலில் வரும் நெருப்புப் பேய் அதன் பேத்தி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு தலை, இரண்டு உடல் கொண்ட விலங்கு ஒன்று மூன்றாம் அத்தியாயத்தில் வருகிறது. அது முழுக்க என் மூளையில் பிறந்தது என்று நண்பர்களிடம் அலட்டியிருக்கிறேன்.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது. தஞ்சைப் பெரிய கோயில் அண்ணாந்து பார்க்க வைக்கும். இது குனிந்து, கிட்டே போய்ப் பார்க்க வேண்டிய கோயில். எனக்கு இதுதான் உசத்தி, சண்டைக்கு வருபவர்கள் வரலாம். மண்டபத்தையே தேராக்கிச் சக்கரம் வைத்துக் குதிரை பூட்டியிருக்கிறார்கள். தூணுக்குத் தூண் யாளி. அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் அங்கிருந்த பெரியவர் ஒருவர் கூப்பிட்டு, "இந்தப் பக்கத்தைக் கையால மறைங்கம்மா" என்றார். காளை. "இப்ப அந்தப் பக்கம்." யானை. இரண்டுக்கும் ஒரே தலை.

என் மூன்றாம் அத்தியாயம், கல்லில்.

கும்பகோணம் திரும்பி ஒரு சின்ன மெஸ்ஸில் இட்லியும் கடப்பாவும் சாப்பிட்டேன். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, சோம்பு வாசனை. சாம்பாரை மறக்கடிக்கும். ஐந்தாவது இட்லியில் அம்மாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"நீ ரெண்டாம் கிளாஸ் லீவுல அப்பாயிகூட போனியே, மறந்துட்டியா? அந்த மாட்டு யானையை வீட்டுக்குக் கொண்டு போகணும்னு கோயில் வாசல்ல உருண்டு அழுதே."

சுத்தமாக நினைவில்லை. இன்னும் இரண்டு இட்லி சொன்னேன்.

கையில் 900 ரூபாய் இருக்கிறது. நாளை கோடிக்கரை. பஸ்ஸில்தான்.