சீட்டில் ஓர் எண்

எங்கள் கணக்கு சார் மறைந்து வருகிற தை மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. சங்க மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி சிங்கப்பூர் நண்பர்கள் கேட்டபோது முதலில் தயங்கினேன். சாரைப் பற்றி எழுதினால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களையும் எழுதியாக வேண்டும். என் அம்மா கடைசிவரை அதை வெளியே சொன்னதில்லை. அம்மாவும் போய்விட்ட பிறகு, இனி எழுதலாம் என்று துணிந்தேன். சாரின் பெயரைப் போட வேண்டாம் என்பது அவர் குடும்பத்தாரின் விருப்பம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அந்த நாளில் படித்தவர்களுக்குக் 'கணக்கு சார்' என்றாலே போதும்.

நான் தேவனாம்பட்டினத்துப் பையன். அப்பா கட்டுமரத்தில் போகிறவர். ஐப்பசி, கார்த்திகையில் கடல் சீறினால் மரம் நாள்கணக்கில் கரையிலேயே கிடக்கும். அப்போதெல்லாம் காலையில் நீராகாரத்தைக் குடித்துவிட்டு, கெடிலத்துப் பாலம் தாண்டிப் பள்ளிக்கு நடந்து வருவேன். 1981-இல் ஒன்பதாம் வகுப்பு. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோதுகூட அது சின்னப் பிள்ளைகளுக்குத்தான். பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு 1984 செப்டம்பரில்தான் வந்தது. அதற்குள் நான் பள்ளியை விட்டே வந்துவிட்டேன்.

மற்ற ஆசிரியர்கள் வருகைப் பதிவுக்கு எண்ணைக் கூப்பிடுவார்கள். சார் பெயரைக் கூப்பிடுவார். கூப்பிட்டு, தலையை நிமிர்த்தி, எழுந்து நிற்பவன் முகத்தை ஒரு கணம் பார்த்த பிறகுதான் அடுத்த பெயர். இதற்கே பாடவேளையில் கால்வாசி போய்விடும். "சார் மெதுவா வாசிக்கிறாரு, நமக்கு லாபம்" என்று பின்பெஞ்சில் சந்தோஷப்பட்டுக்கொண்டோம்.

அந்த வருடம் மழைக்காலத்தில் ஒருநாள் என்னையும் இன்னொரு பையனையும் மேசையருகே கூப்பிட்டார். ஒரு துண்டுச் சீட்டை நான்காக மடித்துக் கொடுத்து, "மதியம் மணி அடிச்சதும் இதை வீட்ல அம்மாகிட்ட குடுத்துட்டு வந்துடுங்கப்பா" என்றார். பாடலீஸ்வரர் கோயிலை ஒட்டிய தெருவில் சாரின் ஓட்டு வீடு. சாரின் மனைவியை நாங்கள் எல்லோரும் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவோம். திண்ணையில் நின்று சீட்டை நீட்டினோம். அம்மா வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, "வந்ததுதான் வந்தீங்க, ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க கண்ணு" என்று உள்ளே கூப்பிட்டார். சுடுசோறு, கத்தரிக்காய்ச் சாம்பார், முருங்கைக்கீரைப் பொரியல். சாம்பாரில் மிதந்த பெருங்காய வாசனை இன்றைக்கும் எனக்கு மூக்கில் இருக்கிறது.

அடுத்த வாரமும் சீட்டு. அதற்கடுத்த நாளும் சீட்டு. அப்படி என்னதான் எழுதி அனுப்புகிறார் என்று நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ தேரடியில் நின்று பிரித்துப் பார்த்தோம். எழுத்து ஒன்றும் இல்லை. பென்சிலால் '2' என்று மட்டும் போட்டிருந்தது. நாங்கள் இரண்டு பேர். ஒருவரையொருவர் பார்க்காமல் அதை மடித்தோம். எனக்குக் காது சுட்டது. தெரிந்துகொண்டோம் என்று சாரிடம் காட்டிக்கொள்ளவில்லை, இரண்டு வருடமும். 'சாப்டியா' என்று கேட்டிருந்தால் 'சாப்டேன் சார்' என்றுதான் சொல்லியிருப்போம். அது தெரிந்துதான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் வீட்டு அம்மாவைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். சாரைப் பாராட்டி எத்தனையோ கூட்டம் போட்டோம். ஒன்றிலும் அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டதில்லை. என் மனதில் இன்றும் இருக்கும் குறை அது. படுத்த படுக்கையாக மாமியார், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள், ஒற்றைச் சம்பளம். இதில் மதியம் சீட்டில் எந்த எண் வரும் என்று தெரியாமல் தினமும் உலை வைத்திருக்கிறார். சில நாள் '4' கூட வந்ததாகப் பின்னால் சொன்னார். அன்றைக்கு அவர் என்ன சாப்பிட்டிருப்பார் என்று அந்த வயதில் எங்களுக்குத் தோன்றவே இல்லை. சாரும் சும்மா இருந்தவர் இல்லை. விடியற்காலையில் எழுந்து தன் தாயாருக்கு உடம்பு துடைத்து, துணி அலசிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார்.

கணக்கு என்றால் எனக்குப் பயம். "கல்லைக் கட்டிக் கடல்ல தள்ளுன அப்பரே கரையேறின ஊருடா இது. உனக்கு அல்ஜீப்ரா கரையேறாதா?" என்பார். ஒரு சனிக்கிழமை எங்களைக் கெடிலத்துக்குக் கூட்டிப்போனார். இறங்காமலே ஆற்றின் அகலத்தை அளக்க வேண்டும். எதிர்க்கரைப் பனைமரத்துக்கு நேராக இந்தக் கரையில் ஒரு குச்சி. கரையோரமாகவே பத்து கோல் தள்ளி இரண்டாவது குச்சி. இன்னும் பத்து கோல் தள்ளி மூன்றாவது. அங்கிருந்து ஆற்றுக்கு முதுகைக் காட்டிச் செங்குத்தாக நடந்துகொண்டே திரும்பிப் பார்க்க வேண்டும். நடுக்குச்சியும் பனைமரமும் ஒரே கோட்டில் விழுகிற இடத்தில் நின்றுவிடலாம். நடந்த தூரம்தான் ஆற்றின் அகலம். சர்வசம முக்கோணம் என்று புத்தகத்தில் படித்தது காலுக்கு அடியில் விரிந்தது. கோடையில் தண்ணீர் வற்றியதும் கயிறு பிடித்துச் சரிபார்த்தோம். இரண்டடி வித்தியாசம். "அந்த ரெண்டடி நம்ம தப்பு, கணக்கோட தப்பு இல்ல" என்றார். நான் நில அளவைப் பிழைப்புக்கு வந்ததற்கு அந்தச் சனிக்கிழமைதான் காரணம். இங்கே கருவியைத் தூக்கி வைத்துக் கண்ணைப் பொருத்தும்போதெல்லாம் அந்தப் பனைமரம் தெரியும்.

சார் சன்மார்க்கி, வள்ளலார் வழியில் நடப்பவர். மாலையில் பெரியநாயகி சன்னதியிலும் பார்க்கலாம், பூசத்துக்குப் பூசம் வடலூரிலும் பார்க்கலாம். வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு அன்றிலிருந்து அணையாமல் எரிகிறது என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். அந்த அடுப்புக்காகத் தெருவில் வீடுவீடாகப் பிடியரிசி சேர்த்து அனுப்புவார். புலால் அந்த வீட்டு வாசலைத் தாண்டாது.

இது என் அம்மாவுக்குத் தெரியாது. மகன் சோறு தின்கிற வீட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று, கடல் அடங்கி அப்பா தொழிலுக்குப் போன முதல் வாரம், நல்ல வஞ்சிரம் ஒன்றை வாழை இலையில் சுற்றிக் கூடையோடு வந்து நின்றுவிட்டாள். நான் வெலவெலத்துப் போனேன். சார் ஒரு கணம் அம்மாவையும் இலையையும் பார்த்தார். பிறகு மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "கடலுக்குப் போனவரு நல்லபடியா வந்தாரா அம்மா?" என்றுதான் கேட்டார். மீன் கொல்லை வழியாக அடுத்த வீட்டுக்குப் போனதை நான் பார்த்தேன், அம்மா பார்க்கவில்லை. விடைபெறும்போது சொன்னார்: "இனிமே ஒரு பிடி அரிசி குடுங்கம்மா. வடலூருக்குப் போவட்டும்."

அன்றிலிருந்து எங்கள் குடிசையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வந்தது. உலை வைக்கிற நாளெல்லாம் அம்மா ஒரு பிடி எடுத்து அதில் போட்டுவிட்டுத்தான் அரிசி களைவாள். மாதக் கடைசியில் நான் சாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்தப் பாட்டிலைக் கொடுத்த பிறகு, அந்த வீட்டில் இலையில் உட்காரும்போது எனக்குக் காது சுடவில்லை.

2004 டிசம்பர் 26 எங்கள் குப்பத்தை என்ன செய்தது என்று நம் மலரில் பலர் எழுதியிருக்கிறீர்கள். அண்ணன் வீடு இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது. நான் விமானம் பிடித்து வந்து சேர்ந்தபோது, எங்கள் ஜனங்களைத் தங்கவைத்திருந்த கல்யாண மண்டபத்தில் சார் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியிருந்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பிள்ளைகளின் பெயர்களை எழுதிவைத்துக்கொண்டு காலையும் மாலையும் வாசித்தார். அதே பழைய வேகம்தான். ஒரு பெயர், ஒரு முகம். பதில் வராத பெயரை அவர் அடிக்கவில்லை. மறுநாளும் அதை வாசித்தார். மண்டபமே அமைதியாக இருக்கும், பிறகு அடுத்த பெயர். மேலே என்னால் எழுத முடியவில்லை.

2011-இல் தானே புயல் அந்த ஓட்டு வீட்டின் பாதிக் கூரையைக் கொண்டுபோனது. மாணவர்கள் சேர்ந்து சரிசெய்ய முன்வந்தபோது, முதலில் அடுத்த தெருவில் ஒரு விதவையின் குடிசையைக் கட்டச் சொன்னார். கட்டிவிட்டுத்தான் அவர் வீட்டுக்கு வந்தோம்.

காரியத்துக்குப் போக எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. சித்திரையில்தான் போனேன். சார் வீட்டு அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டார். வெகுநேரம் பேசிவிட்டு, நாற்பது வருடமாகக் கேட்காததைக் கேட்டேன். அந்தச் சீட்டுகளில் ஒன்றாவது இருக்கிறதா, எனக்குத் தர முடியுமா என்று.

"அது எதுக்கு இருக்கப்போவுது தம்பி? அன்னன்னிக்கே அடுப்புல போட்டுடுவேன். புள்ளைங்க யாரு கண்ணுலயும் பட்டுடக் கூடாதுன்னு சார் மொத நாளே சொல்லிட்டாரு."